மூணு கொட்டேஷன், நாலு திண்டு

சிங்காரம் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். சாப்பிட்ட கையைக் கழுவுவதற்கு முன்னாலேயே வந்துவிட்டார். சோறு கையில் காய்ந்து ஒட்டுகிற வரைக்கும் அந்த முடிவை எடுத்துச் சொன்னார்.

"எழில், இந்த வீட்டுல சோலார் போடப்போறோம். யாரு போடறதுங்கறத நான் முடிவு பண்ணுவேன். நான் ஒருத்தன்தான். இதுல உங்க அண்ணன் வரக்கூடாது. பக்கத்து வீட்டு லோகநாயகி வரக்கூடாது. நீயும் வரக்கூடாது."

"சரி மாமா. கையக் கழுவிக்கிட்டு வாங்க."

எழிலரசி அவருக்கு அத்தை மகள். கல்யாணம் ஆகி எட்டு வருஷம் ஆகியும் மாமா என்றுதான் கூப்பிடுவாள். கூப்பிடுகிற மரியாதையில் ஒரு குறையும் கிடையாது. அதற்கு அப்புறம் வருகிற வாக்கியத்தில்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். "சரி மாமா" என்று அவள் இவ்வளவு சீக்கிரம் சொன்னதில் சிங்காரத்துக்கு லேசாகச் சந்தேகம் வந்தது. கை கழுவியதில் அது போய்விட்டது.

அது இரண்டாயிரத்துப் பன்னிரண்டு, புரட்டாசி மாதம். சிதம்பரத்தில் கரண்ட் அப்போது வெளியூர்ச் சொந்தக்காரர் மாதிரி நடந்துகொண்டது. எப்போது வரும் என்று சொல்லாது. வந்தால் காபி ஆறுவதற்குள் கிளம்பிவிடும். ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் இல்லை, பன்னிரண்டு மணி நேரம் இல்லை என்று ஆளாளுக்குக் கணக்குச் சொன்னார்கள். இருக்கிற நேரத்தை எண்ணுவது சுலபம் என்று எழிலரசி சொன்னாள்.

மற்ற வீடுகளில் இதனால் மாவு புளித்தது, சீரியல் விட்டுப்போனது. சிங்காரத்தின் வீட்டில் விஷயம் வேறு. மகள் சிந்துஜாவுக்கு ஆறு வயது. மழைக்காலம் தொடங்கினால் அவளுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்துவிடும். அதற்காக ஒரு சின்ன மெஷின் வைத்திருந்தார்கள். மருந்தை ஊற்றி, முகத்தில் மாஸ்க்கை வைத்து, சுவிட்சைப் போட்டால் புகை மாதிரி மருந்து உள்ளே போகும். பத்து நிமிஷத்தில் பிள்ளை சிரித்துவிடும். ஆனால் சுவிட்சுக்குப் பின்னால் கரண்ட் இருக்க வேண்டும்.

போன ஐப்பசியில் அது இல்லை. எழிலரசி பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு, காலில் செருப்பு இல்லாமல், ஜெனரேட்டர் இருக்கிற ஆஸ்பத்திரிக்கு மேல வீதி வரைக்கும் மழையில் ஓடினாள். சிங்காரம் பின்னாலேயே ஓடினார், மெஷினைத் தூக்கிக்கொண்டு. ஆஸ்பத்திரியில் மெஷின் இருக்கும் என்பது போய்ச் சேர்ந்த பிறகுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. நனைந்த மெஷினை மடியில் வைத்துக்கொண்டு அவர் அன்றைக்கு பெஞ்சில் உட்கார்ந்திருந்ததை எழிலரசி இதுவரைக்கும் ஒரு தடவை கூடக் கிண்டல் செய்ததில்லை. அதில் மட்டும் அவள் கை வைக்க மாட்டாள்.

மறுவாரமே சிங்காரம் வீறுகொண்டு எழுந்து ஓர் இன்வெர்ட்டர் வாங்கினார். பொருட்காட்சியில், டை கட்டிய ஒருவரிடம். மூன்று மாதம் ஓடியது. பிறகு ஒரு நாள் "கூ" என்று சத்தம் போட்டு அடங்கியது. கேட்கலாம் என்று கடையைத் தேடிப் போனால், கடை இருந்த இடத்தில் கரும்புச்சாறு மெஷின் சுற்றிக்கொண்டிருந்தது. சிங்காரம் இரண்டு டம்ளர் குடித்துவிட்டு வந்தார். வேறு என்ன செய்வது? இன்வெர்ட்டர் இப்போது கூடத்து மூலையில் இருக்கிறது. மேலே துணி விரித்து மீன் தொட்டி வைத்திருக்கிறார்கள். உயரம் சரியாக இருக்கிறது.

ஆகவே இந்தத் தடவை தப்பு நடக்கக் கூடாது. எழிலரசி சீட்டுப் போட்டுச் சேர்த்த பணம் அது. ஐப்பசி வந்தால் பிள்ளைக்கு இழுக்கும். இரண்டுக்கும் நடுவில் சிங்காரம் நின்றார்.

அவர் முறைப்படி நின்றார். முறை அவருக்குத் தெரியும். ஒரு தனியார் பாலிடெக்னிக்கில் ஸ்டோர் கிளார்க் அவர். பெயரைச் சொன்னால் வேலைக்கு ஆபத்து, அதனால் வேண்டாம். பெஞ்ச் வாங்கினாலும், சாக்பீஸ் வாங்கினாலும், கக்கூசுக்கு பினாயில் வாங்கினாலும் அவர் கை படாமல் நடக்காது. கல்யாணமான புதிதில் ஒரு நாள் அதைப் பெருமையாக மனைவிக்கு விளக்கியிருக்கிறார்.

"எது வாங்கினாலும் மூணு கொட்டேஷன் வாங்கணும் எழில். மூணு கம்பெனியும் வெலை எழுதிக் குடுக்கணும். அது ரூல்."

"மூணு பேருல யாரு நல்ல ஆளுன்னு எப்பிடி மாமா கண்டுபிடிப்பீங்க?"

"அட, வெகுளி. யாருக்குக் குடுக்கறதுன்னு மொதல்லயே முடிவு பண்ணிடுவோம். மத்த ரெண்டும் ஃபைலுக்கு!"

எழிலரசி அப்போது சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். "ஓ" என்றாள். மீதி வெங்காயத்தையும் உரித்து முடித்தாள்.

இந்த இடத்தில் மொட்டை மாடியைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். ஆவணி மாதத்தில் எழிலரசி ஒரு கொத்தனாரைக் கூப்பிட்டு மாடியில் நான்கு சிமெண்ட் திண்டு கட்டியிருந்தாள். பூந்தொட்டி வைக்க. தொட்டி நேராகத் தளத்தில் இருந்தால் ஈரம் இறங்கி வீடு ஒழுகுமாம். சிங்காரம் போய்ப் பார்த்தார். அவருக்குத் திருப்தி இல்லை.

"என்னா எழில் இது, முன்னாடி ரெண்டும் குட்டையா இருக்குது, பின்னாடி ரெண்டும் நெட்டையா இருக்குது? கொத்தனாருக்கு மட்டம் பாக்கத் தெரியாதா?"

"பின்னாடி வெக்கற செடி மறைக்கக்கூடாது பாருங்க மாமா. போட்டோ எடுக்கறப்ப குட்டைப் புள்ளைங்கள முன்னாடி நிறுத்தறதில்லியா?"

"சரி. ஒவ்வொண்ணுலயும் ரெண்டு போல்ட்டு நீட்டிக்கிட்டு நிக்குதே?"

"கொடிக்கயிறு கட்ட."

காரணம் இருந்தது. இருந்தாலும் சிங்காரம் மறுநாள் கொத்தனாரைத் தெருவில் பார்த்து நாலு வார்த்தை சொன்னார். கொத்தனார் தலையைக் குனிந்துகொண்டார். அவர் சிரிப்பை அடக்கினார் என்று சொல்ல நம்மிடம் சாட்சி இல்லை.

"சிமெண்டு இறுகணும் மாமா. பத்து நாளைக்குக் காலைல ஒரு கொடம், சாயந்திரம் ஒரு கொடம் ஊத்திடுங்க" என்றாள் எழிலரசி. கரண்ட் இல்லாததால் குழாயில் தண்ணீர் இல்லை. அடிபம்பில் அடித்து, படி ஏறி, சிங்காரம் ஊற்றினார். பத்து நாளும். ஒரு வேளை தவறாமல். பூந்தொட்டிதான் இன்னும் வந்தபாடில்லை.

அது கிடக்கட்டும். சிங்காரம் ஒரு நாற்பது பக்க நோட்டில் கோடு போட்டார். ஏழு தலைப்பு. நூறு மார்க். நேர்முகத் தேர்வு மொட்டை மாடியில். முன்னால் இருந்த இரண்டு குட்டைத் திண்டின் மேல் சாக்கை மடித்துப் போட்டு, அதன் மேல் ஒரு பலகையை வைத்தார். அருமையான பெஞ்ச். அதில் நடுவில் உட்கார்ந்தால் ஒரு நீதிபதிக்கு உண்டான உயரம் கிடைத்தது.

முதல் ஆளை அவரே கண்டுபிடித்தார். காலையில் பேப்பரைப் பிரித்தபோது மடியில் ஒரு நோட்டீஸ் விழுந்தது. கம்பெனி கடலூர். போன் போட்டார். மறுநாளே அன்பரசு என்கிற இளைஞர் வந்தார். டை. லேப்டாப். கறுப்பு ஷூ. டையைப் பார்த்ததும் சிங்காரத்துக்குள் ஏதோ ஒன்று எச்சரித்தது. "சார், உங்க வீட்டு நுழைவே ரொம்ப கிராண்டா இருக்கு" என்று அன்பரசு சொன்னதும் அந்த ஏதோ ஒன்று போய்ப் படுத்துக்கொண்டது.

அன்பரசு மாடிப்படி முடிகிற இடத்தில், கதவு நிழலிலேயே நின்றுகொண்டார். லேப்டாப்பை அங்கிருந்தே திருப்பிக் காட்டினார்.

"ஃப்ரிட்ஜ், மிக்ஸி, கிரைண்டர், மோட்டார், ஏசி, எல்லாம் ஓடும் சார்."

"எங்க வீட்டுல ஏசி இல்லியே."

"வாங்குவீங்க சார். அப்ப ஓடும்."

சிங்காரம் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் ஏசி வாங்குவார் என்று இதுவரை யாரும் நம்பியதில்லை.

"வாரண்டி?"

"இருபத்தஞ்சு வருஷம் சார். கண்ண மூடிக்கிட்டு இருக்கலாம்."

படியிலிருந்து எழிலரசி காபியோடு வந்தாள். "தம்பி, உங்க கம்பெனி ஆரம்பிச்சு எத்தினி வருஷம் ஆவுது?"

"வர்ற கார்த்திகை வந்தா ஆறு மாசம்க்கா."

"நல்லாருங்க. இருபத்தஞ்சுல அரை வருஷம் போயிடுச்சு."

சிங்காரம் முறைத்தார். நேர்முகத் தேர்வில் வெளியாள் கேள்வி கேட்கக் கூடாது. அன்பரசு பேச்சை மாற்ற மாடியைப் பார்த்தார். "ஏற்கெனவே யாரோ பேஸ் கட்டியிருக்காங்க போல இருக்கே சார்?"

"அது பூந்தொட்டிக்கு. கோணலாக் கட்டிட்டாரு கொத்தனாரு."

"கோணல் இல்ல சார், அது வந்து..."

"தம்பி, காபி ஆறிடும்" என்றாள் எழிலரசி.

அன்பரசுக்கு எழுபத்தெட்டு மார்க்.

இரண்டாவது ஆள் தானாகவே வந்தார். ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து பழனிவேல். சிங்காரத்தின் சித்தப்பா பெண்ணைக் கட்டியவர். எரிந்த மோட்டாருக்குக் காயில் கம்பி சுற்றிக் கொடுக்கிறவர். ஒரு பை கொய்யாப்பழமும் ஒரு பை உரிமையுமாக வந்தார்.

"மச்சான்! சோலார் போடறியாமே? காதுக்கு வந்துச்சு. எனக்குச் சொல்லணும்னு தோணுச்சா உனக்கு?"

"யாரு சொன்னாங்க?"

"யாரு சொன்னா என்னா? எங்கிட்ட ரெண்டு பேனலு கெடக்குது. ஒரு பேங்கு மாடியிலேருந்து கழட்டினது. கொஞ்சம் பழசுதான். வெயிலு மட்டும் புதுசா மச்சான்? அதுவும் பழசுதான். பழசுக்குப் பழசு சரியாப் போயிடும்."

சிங்காரம் நோட்டைப் புரட்டினார். "பில்லு குடுப்பீங்களா?"

பழனிவேல் நெஞ்சில் கை வைத்தார். "தங்கச்சி, கேட்டியாம்மா? எங்கிட்டப் போயி பில்லு கேக்கறாரு! ஒரே இலையில சாப்ட்ட குடும்பம்மா!"

"மாடியப் பாக்கறீங்களாண்ணே?" என்றாள் எழிலரசி.

"முட்டி வலிம்மா. மாடின்னா மாடிதானே, அதுல என்னா பாக்கறது? என்னா கொழம்பு இன்னிக்கி?"

கத்திரிக்காய்க் குழம்பு. மூன்று தடவை சோறு வாங்கினார். அவருக்கு அறுபது மார்க், சொந்தத்துக்காகத் தனியாக ஐந்து.

மூன்றாவது ஆளைத்தான் சிங்காரம் நிஜமாகவே உழைத்துக் கண்டுபிடித்தார். ஆபீஸ் வேலையாக அவர் கடலூர் போக வேண்டி வந்தது. "போறதுதான் போறீங்க, நம்ம ஆரோக்கியம்மாள் சிஸ்டருகிட்ட இந்த முறுக்கு டப்பாவக் குடுத்துட்டு வந்துடுங்க மாமா" என்றாள் எழிலரசி. ஆரோக்கியம்மாள் சிதம்பரத்தில் நர்ஸாக இருந்தவர். சிந்துஜாவுக்கு அந்த மெஷினை வைக்க எழிலரசிக்குச் சொல்லிக்கொடுத்தவர். இப்போது கடலூரில் ஒரு பிள்ளைகள் விடுதியில் இருந்தார்.

சிங்காரம் போனபோது ஊர் முழுக்க கரண்ட் இல்லை. விடுதியில் ஃபேன் சுற்றியது. சிங்காரம் ஃபேனைப் பார்த்தார். ஃபேனைப் பார்த்துக்கொண்டே டப்பாவைக் கொடுத்தார்.

"சிஸ்டர், இது எப்பிடி?"

"மாடியில சோலார் இருக்குது சார். ரெண்டு வருஷம் ஆச்சு. தானே புயல் வந்துச்சே, பக்கத்துக் கட்டடத்து ஓடெல்லாம் பறந்துடுச்சு. வேப்ப மரம் சாஞ்சுடுச்சு. தண்ணி டேங்கு ரோட்டுல போயி உருண்டுக்கிட்டு இருந்துச்சு. விடிஞ்சதும் மாடிக்கு ஏறிப் பாக்கறோம், இது மட்டும் வெச்சது வெச்ச மாதிரி இருக்குது. அந்தப் புயல்ல மாட்டின பேனல் இந்தப் பக்கத்துல எத்தினி பறந்துச்சு தெரியுமா சார்? மாடியில இருந்தது வயல்ல கெடந்துச்சு."

"யாரு போட்டது?"

"ஆரோக்கியராஜ்னு ஒருத்தரு. ஜாஸ்தி பேச மாட்டாரு."

சிங்காரம் நம்பரை வாங்கிச் சட்டைப் பையில் வைத்து, பையின் மேல் கையை வைத்துக்கொண்டே பஸ்ஸில் திரும்பினார். வீட்டுக்குள் நுழைந்ததும் அறிவித்தார்.

"எழில்! நான் ஒருத்தரக் கண்டுபிடிச்சிட்டேன்! தானே புயலுக்கே அசையாத ஆளு!"

"அப்படியா மாமா!" என்று எழிலரசி கண்ணை அகல விரித்தாள். "டப்பாவ வாங்கிட்டு வந்தீங்களா?"

டப்பாவை மறந்துவிட்டார்.

ஆரோக்கியராஜ் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மத்தியானம் வந்தார். ஐம்பது வயது இருக்கும். கையில் ஒரு டேப்பு, ஒரு திசைகாட்டி. வணக்கம் சொன்னார். செருப்பைக் கழற்றினார். சமையல்கட்டைத் தாண்டி, பின்பக்கம் திரும்பி, நேராக மாடிப்படியில் ஏறிப் போய்விட்டார். அந்தப் படி எங்கே இருக்கிறது என்று புதிதாக வருகிறவர்களுக்குக் காட்ட வேண்டியிருக்கும். சிங்காரம் அசந்துபோனார். எத்தனை வீடு பார்த்திருந்தால் ஒரு வீட்டின் அமைப்பு பார்த்ததும் பிடிபடும்! அனுபவத்துக்குப் பத்துக்குப் பத்து போட்டுக்கொண்டே பின்னால் ஏறினார்.

ஆரோக்கியராஜ் வெயிலில் நடு மாடியில் நின்றார். லோகநாயகி வீட்டுத் தென்னை மரத்தைப் பார்த்தார். நிழல் எங்கே விழும் என்று பார்த்தார். பலகைக்கு அடியில் குனிந்து திண்டை விரலால் தட்டினார். "நல்லாத் தண்ணி ஊத்தியிருக்கீங்க சார்" என்றார்.

"நானேதான் ஊத்தினேன்" என்றார் சிங்காரம். எட்டு வருஷத்தில் இந்த வீட்டில் அவருக்குக் கிடைத்த முதல் பாராட்டு அது.

"சரி, சொல்லுங்க. கிரைண்டர் ஓடுமா?"

"ஓடாது சார்."

"மிக்ஸி?"

"வேணாம் சார்."

"மோட்டார்?"

"இல்ல சார். ரெண்டு ஃபேன், மூணு லைட்டு, பாப்பாவோட மெஷினு. நீங்க சொல்ற பட்ஜெட்ல அவ்ளோதான். அது மட்டும் எப்பக் கேட்டாலும் ஓடும்."

சிங்காரம் பேனாவை மூடினார். விற்க வந்தவர் இல்லை இல்லை என்கிறாரே. எழிலரசி காபி கொண்டுவந்து வைத்தாள். ஆரோக்கியராஜ் ஒரு வாய் குடித்துவிட்டுத் தலையாட்டினார். சிங்காரத்தின் டம்ளரிலும் அதே காபிதான் வந்திருந்தது. வாயில் வைத்தால் சர்க்கரையே இல்லை. இந்த ஆளை அவளுக்குப் பிடிக்கவில்லை, அதனால்தான் சர்க்கரை போடாமல் கொண்டுவந்திருக்கிறாள் என்று சிங்காரம் புரிந்துகொண்டார். மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. வீட்டுக்கு வந்தவரை இப்படியா நடத்துவது?

நாற்பத்தொரு மார்க்.

சாயந்திரம் சிங்காரம் மூன்று கொட்டேஷனையும் கூடத்தில் பரப்பி வைத்தார். அன்பரசு முதலிடம். பேனாவைத் திறந்தார்.

"எனக்கு அந்த டை கட்டின தம்பியத்தான் மாமா ரொம்பப் புடிச்சிருக்குது" என்றாள் எழிலரசி, பிள்ளைக்குத் தலை பின்னிக்கொண்டே.

பேனா நின்றது. "உனக்கா?"

"ஆமா. என்னா ஒரு நாசூக்கு! கடேசி வரிக்கும் வெயில்ல கால வெக்கல பாருங்க. செவந்த தோலு, கறுத்துடும்ல. டையும் நல்லா இருந்துச்சு. நம்ம இன்வெர்ட்டர் வித்தாரே, அவரு கட்டியிருந்த மாதிரியே."

சிங்காரம் மீன் தொட்டியைப் பார்த்தார். மீன் அவரைப் பார்த்தது.

"இல்ல, வந்து... பழனிவேலு மாமா?"

"அவருன்னா இன்னும் நல்லது மாமா. சொந்தம். நாளைக்கு ரிப்பேரு ஆனா சண்டையே வராது. பொங்கலுக்கு வரிசை வாங்க வருவாரு பாருங்க, அப்பப் பாத்துத் தரச் சொல்லலாம். அது வரிக்கும் புள்ளைய நான் தூக்கிக்கிட்டு ஓடறேன். எனக்கென்ன, ஓடித்தானே பழக்கம்."

சிங்காரம் பழனிவேலின் கொட்டேஷனை எடுத்துக் கவிழ்த்து வைத்தார்.

"அந்த மூணாவது ஆளு மட்டும் வேணாம் மாமா. எதக் கேட்டாலும் இல்லங்கறாரு. ஒரு சிரிப்பு கெடையாது. நீங்க அவருக்குக் குடுத்தீங்கன்னா நான் உங்க கூடப் பேச மாட்டேன்."

அந்தக் கடைசி வாக்கியம் சிங்காரத்தின் நெஞ்சில் போய் நின்றது. இந்த வீட்டில் யார் முடிவு செய்வது? அவர் எழுந்தார். நோட்டில் மூன்றாவது பெயருக்கு நேராகப் பெரிதாக டிக் அடித்தார்.

"ஆரோக்கியராஜ்தான் போடறாரு! நான் சொல்றேன்!"

"மாமா..."

"பேசாத!"

"அப்பறம் நாளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா என்னக் கேக்கக்கூடாது."

"கேக்க மாட்டேன்!"

எழிலரசி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தோள் லேசாகக் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து சிங்காரம் அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டுத் தட்டை அவரே கழுவி வைத்தார்.

வேலை நடந்த நாளில் பாலிடெக்னிக்கில் ஸ்டாக் சரிபார்ப்பு. சிங்காரம் பெஞ்ச் எண்ணிக்கொண்டிருந்தார். சாயந்திரம் வந்து பார்த்தால் எல்லாம் முடிந்திருந்தது. இரண்டு பேனல், தெற்கைப் பார்த்துச் சாய்ந்து, கண்ணாடி மாதிரி. நான்கு கால். நான்கும் நான்கு திண்டின் மேல். போல்ட்டில் நட்டு இறுக்கியிருந்தது. கீழே படிக்கு அடியில் புது பேட்டரி.

"பூந்தொட்டித் திண்டையே யூஸ் பண்ணிட்டாரா?"

"ஆமா மாமா. அளவு சரியா இருந்துச்சாம்."

"பாத்தியா என் ராசிய! அந்தக் கொத்தனாரு கோணலாக் கட்டினது கூட நமக்கு நல்லதாப் போச்சு!"

அடுத்த இரண்டு வாரம் சிதம்பரத்தில் சிங்காரத்திடம் மாட்டாதவர்கள் அதிர்ஷ்டசாலிகள். சலூனில் சொன்னார். ரேஷன் கடை வரிசையில் சொன்னார். பஸ் ஸ்டாண்டில் காரைக்கால் பஸ்ஸுக்கு நின்ற முன்பின் தெரியாத ஒருவரிடம் நம்பகமான ஆளைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்று பாடம் எடுத்தார். அந்த மனிதர் கடலூர் பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார்.

ஐப்பசி பாதியில் நீலம் புயல் வந்தது. நம்ம பக்கம் வராது, வடக்கே போய்க் கரை ஏறும் என்று ரேடியோ சொன்னது. காற்று ரேடியோ கேட்பதில்லை. பள்ளிக்கூடம் லீவு. காலையிலேயே கரண்ட் போய்விட்டது. போன வருஷத்துத் தானேயில் அடிபட்ட ஊர் அது. காற்று ஊளையிட ஆரம்பித்தால் பேசுகிறவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு ஓட்டைப் பார்ப்பார்கள்.

மத்தியானம் மூன்று மணிக்கு சிந்துஜாவுக்கு இழுக்க ஆரம்பித்தது. விலா எலும்பு உள்ளே போய் உள்ளே போய் வந்தது. "அம்மா" என்று சொல்ல வந்தது பாதியில் நின்றது. எழிலரசி மெஷினை எடுத்தாள். மருந்தை ஊற்றினாள். மாஸ்க்கைப் பிள்ளை முகத்தில் வைத்தாள். சிங்காரத்தைப் பார்த்தாள்.

சிங்காரம் சுவிட்சின் மேல் விரலை வைத்தார். மாடியில் காற்று எதையோ போட்டு உருட்டியது. லோகநாயகி வீட்டுத் தென்னை மட்டை ஒன்று விழுந்தது. அவர் உதடு ஏதோ முணுமுணுத்தது. தில்லையில் ஆடுகிறவரையும் கூப்பிட்டார். ஆரோக்கியராஜ் கும்பிடுகிற மாதாவையும் கூப்பிட்டார். சுவிட்சைப் போட்டார்.

மெஷின் "உர்" என்றது.

அந்தச் சத்தத்தைப் போல ஒரு சத்தத்தை அவர் வாழ்நாளில் கேட்டதில்லை. வெள்ளையாகப் புகை வந்தது. பிள்ளை இழுத்தாள். பத்து நிமிஷம் மூவரும் அசையவில்லை. மேலே பேனலும் அசையவில்லை. பிறகு சிந்துஜா மாஸ்க்குக்குள்ளிருந்து, "அப்பா, நீ எதுக்கு அழுவற?" என்றாள்.

"புகை" என்றார் சிங்காரம்.

நாலு மணிக்கு லோகநாயகி தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு வந்தாள், செல்போனுக்குச் சார்ஜ் போட. பிள்ளை அப்பா மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். சிங்காரம் குரலைத் தாழ்த்திக்கொண்டார். ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"பாத்தீங்களா லோகநாயகியக்கா? இந்தக் காத்துல நிக்குது பாருங்க. நானே ஊரு ஊராத் தேடிக் கண்டுபிடிச்ச ஆளு."

"யாரு, அந்த ஆரோக்கியராஜா? நல்ல மனுசன்பா. ஆடி மாசம் வந்து மாடிய அளந்துட்டுப் போனாரே, அப்பவே பாத்தேன். எங்க தென்னை மரத்து நெழலு அடிக்குமான்னு ஒரு நாள் பூரா நின்னு பாத்தாரு. சர்க்கரை வியாதி பாவம், காபிக்குச் சர்க்கரை வேணாம்னுட்டாரு."

அவள் போனைச் செருகிவிட்டுப் போனாள்.

சிங்காரத்துக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. சர்க்கரை இல்லாத காபி. யாரும் காட்டாமலே ஏறின மாடிப்படி. கோணல் திண்டு. கொடிக்கயிறு கட்டாத போல்ட்டு. தலையைக் குனிந்துகொண்ட கொத்தனார். வரவே வராத பூந்தொட்டி. இருபது குடம் தண்ணீர். அந்தத் திண்டின் மேலேயே பலகை போட்டு உட்கார்ந்துகொண்டு அவர் நடத்திய நேர்முகத் தேர்வு.

"எழில்."

"என்னா மாமா?"

"ஆடி மாசமே இவருதான்னு முடிவு பண்ணிட்டியா?"

"தானே முடிஞ்சு தை மாசமே பண்ணிட்டேன் மாமா. சிஸ்டரு சொன்னாங்க. நேர்ல போயிப் பாத்துட்டு வந்தேன். சீட்டு எடுக்கறதுக்குத்தான் ஆடி ஆயிடுச்சு."

"எங்கிட்ட நேரா சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா இந்நேரம் மாடியில டை கட்டினவருதான் இருந்திருப்பாரு."

சிங்காரம் பிள்ளையின் முதுகைத் தடவினார். மூச்சு சீராக இருந்தது. கொஞ்சம் தைரியம் வந்தது.

"அந்த டை கட்டின பையன நான்தானே புடிச்சேன்? பேப்பர்ல நோட்டீஸ் விழுந்துச்சு..."

"நான்தான் உள்ள வெச்சேன்."

"பழனிவேலு மாமா?"

"நான்தான் போன் போட்டு வரச் சொன்னேன்."

"ஏண்டி, ஆளையும் முடிவு பண்ணி, திண்டையும் கட்டி, என்னையே தண்ணியும் ஊத்த வெச்சிட்டு, அப்பறம் எதுக்கு அந்த ரெண்டு பேரு? நான் எதுக்கு வெயில்ல உக்காந்து மார்க்குப் போட்டேன்?"

எழிலரசி சின்ன வெங்காயத்தை முறத்தில் கொட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். ஒன்றை எடுத்து உரித்தாள்.

"ஃபைலுக்கு மாமா."